கேட்காமல் இருந்த சனிக்கிழமை

நாலரை மணிக்குக் கதவு சாத்திய சத்தத்திலேயே சிற்றம்பலத்தின் மனசு மாட்டிக்கொண்டது. மெதுவாகச் சாத்தினாள். அதுதான் விஷயம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில், எத்தனையோ ரயில்வே குவார்ட்டர்ஸ் மாறி, கடைசியில் திருச்சி கே.கே. நகரில் இந்த முதல் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும், மரகதம் எந்தக் கதவையும் மெதுவாகச் சாத்தினதில்லை. இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கதவு தானாகப் போய் அடித்துக்கொள்ளும், நிலையோரத்துச் சுண்ணாம்பு உதிரும். இன்றைக்கு என்னவென்றால் கைப்பிடியைப் பிடித்தபடியே இழுத்து, சத்தம் வந்ததா வரவில்லையா என்று தெரியாத அளவுக்கு, வீட்டில் கைக்குழந்தை தூங்குகிற மாதிரி. அல்லது வீட்டில் இருப்பவனுக்குத் தெரியாமல் போகிற மாதிரி. ஆனால் தெரியாமல் எங்கே போனாள், ‘போயிட்டு வர்றேங்க, ஆறு மணிக்கு வந்துடுவேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தானே போனாள். எங்கே என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் சொல்ல வேண்டாம், இவர் கேட்கக்கூடாது, நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் போன் பண்ணக்கூடாது, பின்னால் போகக்கூடாது, பால்கனியில் நின்று தெருவைப் பார்க்கக்கூடாது என்று வியாழக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது. மூன்றாவது ஆள் நிலோஃபர் மேடம். பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் மனநல ஆலோசகராக இருக்கிற பெண், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயசுதான் இருக்கும். போனை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு உட்காரட்டுமா என்று இவர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ‘கண்ணு முன்னாடியே இருக்கட்டும் சார், ஆன்லயே இருக்கட்டும். கூப்பிட முடியாம உட்கார்ந்திருக்கறது வேற, முடிஞ்சும் கூப்பிடாம உட்கார்ந்திருக்கறது வேற.’ ஆகவே போன் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும், அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று ஒரு வரி. நாலு நாற்பதுக்கு எழுதினார்: எண்பத்தைந்து. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த வரி ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஒரு மனுஷி கதவை மெதுவாகச் சாத்தினாள், அதற்கென்ன? நோட்டில் எழுதுகிறபோது எல்லாமே இப்படி ஆகிவிடுகிறது, அதுதான் இவர்களுடைய தந்திரமோ என்னமோ. மண்டைக்குள் இருக்கிறபோது அதற்கு ஒரு கூர் இருக்கிறது, தாளில் வந்ததும் மொண்ணையாகிவிடுகிறது. புடவையை எழுதவில்லையே என்று நினைவு வந்தது. மாம்பழக் கலர் புடவை. போன தீபாவளிக்கு எடுத்தது, இதுவரை இரண்டு தடவையோ மூன்று தடவையோ கட்டியிருப்பாள். காய்கறி வாங்கப் போகிறவள் அதைக் கட்டுவாளா? காய்கறி வாங்கப் போகிறாள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்பதுதானே பேச்சு. யோசித்துப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட ஏற்பாடு இது! புருஷன் கேட்கக்கூடாத, தேடக்கூடாத, கூப்பிடக்கூடாத ஒன்றரை மணி நேரம். ஊரில் எந்தப் பெண்சாதிக்குக் கிடைக்கும் இப்படி, வைத்தியரே சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி! இந்த மேடத்தைக் கண்டுபிடித்து முன்பதிவு செய்தது யார்? மரகதம். முதல் நாள் இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் உள்ளே தனியாகப் பேசினது யார்? மரகதம். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, அந்தப் பெண் அவள் தோளைத் தொட்டு அனுப்பினாள். முன்பின் தெரியாதவர்கள் தோளைத் தொடுவார்களா? இதை அந்தப் பெண்ணிடமே கேட்டார், இரண்டாவது வாரம். ‘நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பழக்கமா மேடம்?’ அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். கோபம் வந்தால் அது ஒரு அத்தாட்சி. வரவில்லை. ‘நல்ல கேள்வி சார். அதையும் நோட்டுல எழுதுங்க. என்மேல சந்தேகம், நூத்துக்கு எவ்வளவு?’ என்றாள். எழுபது என்றார். எழுபது என்று எழுதிக்கொண்டாள், ஏதோ பால் எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்கிற மாதிரி. இப்படி அசையாமல் இருக்கிறவர்களை நம்புவதா நம்பாமல் இருப்பதா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நாலு ஐம்பது. எண்பத்தெட்டு. புடவை.

மின்விசிறி சுற்றுகிற வேகத்தில் நோட்டின் பக்கம் படபடத்தது, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். மத்தியானத்திலிருந்தே புழுக்கம், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். இது எப்போது ஆரம்பித்தது என்று அந்தப் பெண் கேட்டபோது அவரால் நாளும் நேரமுமே சொல்ல முடிந்தது. ரிட்டயர் ஆகி ஏழாவது மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஐந்து. மரகதம் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர், சோதனைக் குழாய் கழுவி வைப்பது, அமிலம் அளந்து கொடுப்பது அவள் வேலை. சாம்பார்ப் பொடி டப்பா எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டார். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார் என்றது போன். மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் அதே குரல். பதினான்கு நிமிஷம். கேட்டபோது, தலைமையாசிரியை கூப்பிட்டார் என்றாள். சாயங்காலம் வேறு ஏதோ பேச்சில், கரூரிலிருந்து அண்ணி பேசினாள் காலையில் என்றாள். இரண்டு பதில். அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தார், இரண்டுமே இருந்தது. ஆறு நிமிஷம் தலைமையாசிரியை, எட்டு நிமிஷம் அண்ணி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், இரண்டு பேர் என்றால் முதலிலேயே இரண்டு பேர் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அந்த இடத்தில்தான் நூல் சிக்கியது. இழுக்க இழுக்க இறுகியது. அதற்குப் பிறகு பதினொன்று ஐந்துக்குத் தினமும் கூப்பிட்டார், பிறகு பன்னிரண்டுக்கும், இரண்டுக்கும், நாலுக்கும். ஒரு நாளைக்கு முப்பத்தோரு தடவை வரை போனது. ஆள் யார் என்று கேட்டால் ஆளே கிடையாது. ‘யார் மேல சார் சந்தேகம்?’ என்றாள் நிலோஃபர் மேடம். ‘யாருன்னு தெரிஞ்சுட்டா சந்தேகம் எதுக்கு மேடம்?’ என்றார் இவர். அதற்கு அவள் சிரித்தாள், இவருக்கும் சிரிப்பு வந்தது, வந்ததும் ஜாக்கிரதையானார். சிரிக்க வைத்து வாயைப் பிடுங்குகிறவர்களை அவருக்குத் தெரியும்.

ஐந்து மணி. தொண்ணூறு. வயிற்றில் ஒரு கை உள்ளிருந்து பிசைகிறது. பிசையட்டும், அதை ஒன்றும் செய்ய வேண்டாம், அது ஏறும், ஓரளவுக்கு மேல் ஏற முடியாது, அப்புறம் தானாக இறங்கும் என்று மேடம் சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம். அவளுக்கு இப்படி வயிறு பிசைந்திருக்கிறதா என்றாவது? முதல் நாள் ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டாள். மேலே நினைப்பு, அந்தப் பக்கம் பயம், கீழே செய்கை, மறுபடியும் நினைப்பு. ‘இதுக்கு சிபிடின்னு பேரு சார். மாத்திரை கிடையாது, பேச்சும் பயிற்சியும்தான். உங்க நினைப்பு பொய்னு நான் சொல்லப் போறதில்ல. எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சோதிச்சுப் பார்ப்பீங்க.’ சோதிப்பதைப் பற்றி இவரிடமா? முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தவர். நல்ல சக்கரம் மணி மாதிரி நீளமாக இழுக்கும், விரிசல் விட்டது பானை மாதிரி சட்டென்று அடங்கும். ஒரு தட்டு போதும். இதை அவளிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. சந்தேகப்படுவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது மேடம், நான் சந்தேகப்பட்டதால்தான் ஆயிரம் பேர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: ‘ஒரே சக்கரத்தை ஒரே நாள்ல முப்பத்தோரு தடவை தட்டுவீங்களா சார்?’ ‘மாட்டேன்.’ ‘ஏன்?’ ‘வண்டி கிளம்பணுமே.’ சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தார். அடுத்த வாரம் இன்னொன்று கேட்டாள். போன் பண்ணி, வீட்டம்மா குரலைக் கேட்டதும் நிம்மதி வருமே, அது எவ்வளவு நேரம் நிற்கும்? பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். கடிகாரம் வைத்துப் பார்த்தார். ஏழு நிமிஷம். ஆரம்பத்தில் ஒரு முழு மத்தியானம் நின்றது, அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அப்புறம் ஒரு மணி நேரம், அரை மணி, இப்போது ஏழு நிமிஷம். ஏழாவது நிமிஷம் முடிந்ததும் அவள் குரலில் ஏதோ இருந்ததே என்று ஆரம்பித்துவிடும். குரல் தாழ்ந்திருந்ததே. பக்கத்தில் யாரோ இருமினார்களே. அவராகவே பார்த்துக் குறித்த கணக்கு என்பதால் அதை மறுக்கவும் முடியவில்லை.

நோட்டின் முன்பக்கங்களில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினது இருந்தது. நினைப்புக்குச் சாதகமாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது. சாதகத்தில்: பதினான்கு நிமிஷம், இரண்டு பதில், கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிறாள், போனைக் கவிழ்த்து வைக்கிறாள். எதிரில்: இருபத்தொன்பது வருஷம். பள்ளியில் எல்லோருமே பெண்கள். அதன் பக்கத்தில் வாட்ச்மேன் என்று எழுதி, கேள்விக்குறி போட்டு, அவருக்கு எழுபது வயசு, ஒரு கண்ணில் புரை என்று ஞாபகம் வந்து அடித்திருந்தார். அடித்த கோட்டைப் பார்க்க இப்போது வெட்கமாக இருந்தது. அந்த வாட்ச்மேன்தான் இவரைக் கண்டுபிடித்தவர். மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்ற ஆள் யார் என்று, பெண் பிள்ளைகள் படிக்கிற இடமாச்சே என்று, தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியை வந்தார், நாலைந்து டீச்சர்கள் வந்தார்கள், பள்ளி விட்டுப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் கேட்டில் கூடிவிட்டார்கள். யாருய்யா நீ, ஹெல்மெட்டைக் கழட்டு. கழற்றினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மரகதத்தின் குரல் கேட்டது, அமிலக் கறை பட்ட நீல மேலங்கியோடு முன்னால் வந்து நின்றாள். ‘இவரு என் வீட்டுக்காரர் மேடம்.’ அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு அவள் அவர் வண்டியில் ஏறவில்லை, ஐந்து கிலோமீட்டர் நடந்தே வந்தாள், இவர் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும் சொன்னாள்: ‘இன்னொரு தடவை என் பின்னால வந்தீங்கன்னா கரூருக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். மிரட்டுறேன்னு நெனைக்காதீங்க. என்னால முடியல.’ கத்திச் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

கரூர். ஐந்து பத்து. தொண்ணூற்றைந்து. மாம்பழக் கலர் புடவை, மெதுவாகச் சாத்தின கதவு, கரூர். மூன்றும் ஒரு கோட்டில் வந்து நின்றன. வேறு எவனோடும் போகவில்லை, போயேவிட்டாள். ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றது இவரை ஆறு மணி வரைக்கும் கட்டிப்போடத்தான். ஆறு மணிக்குள் பஸ் குளித்தலையைத் தாண்டிவிடும். எழுந்தார். எழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உள் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தார், நாப்தலீன் வாசனையும் அவள் பவுடர் வாசனையும் முகத்தில் அடித்தன. புடவைகள் இருந்தன. பீரோவுக்கு மேலே நீலப் பெட்டி இருந்தது, நாற்காலி போட்டு ஏறி அதைத் தூக்கிப் பார்த்தார், கனமில்லை, காலிப் பெட்டி. மூச்சு வந்தது. வந்த மூச்சு இறங்குவதற்குள், பெட்டி எதற்கு, கட்டின புடவையோடு போகிறவர்கள் இல்லையா என்று வந்துவிட்டது. அதற்கு ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்காலியின் மேல் நின்றபடியே, ஒரு கையால் பீரோவைப் பிடித்தபடி, அறுபத்தோரு வயசில் இப்படி நிற்கிறோமே என்று பார்த்தார். எட்டு வயசில் மன்னார்குடி ஹாஸ்டல் வராந்தாவில் இதே மாதிரி ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று ரோட்டைப் பார்த்தார். சாயங்காலம் வந்துடுவேன்டா என்று சொல்லிவிட்டுப் போன அம்மா மூன்று மாசம் கழித்து வந்தாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, கடிதம் போட்டது வரவில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. காரணங்கள் எப்போதுமே இருக்கும். அந்த மூன்று மாசமும் தினம் சாயங்காலம் பெஞ்சில் ஏறின பையனுக்குக் காரணம் என்ன உதவி செய்தது? இதை நிலோஃபர் மேடம் கேட்கவே இல்லை, இவராகத்தான் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு உடனே உஷாரானார், இனி எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று. அவள் நிறுத்தவில்லை. ‘அந்தப் பையன் அன்னிக்கு என்ன முடிவு பண்ணியிருப்பான் சார்?’ என்று மட்டும் கேட்டாள். நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவோம் என்று முடிவு பண்ணியிருப்பான். வேறென்ன? நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். கூடத்துக்கு வந்து உட்கார்ந்து உண்மையை எழுதினார்: பீரோவைத் திறந்தேன். பெட்டி இருக்கிறது.

ஐந்து இருபது, தொண்ணூற்றைந்து. ஐந்து முப்பது, தொண்ணூறு. மேல்மாடி வீட்டில் தண்ணீர் மோட்டாரை யார் அணைப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தது. ‘தொட்டி நிரம்பி வழியுது, காது என்ன அடைச்சுப்போச்சா?’ ‘போட்டவங்கதான் நிறுத்தணும்.’ ‘நான் போட்டேன்னு யாரு பாத்தா?’ தண்ணீர் சன்ஷேடில் விழுந்து தெருவில் சிதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள், தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. கடைசியில் இரண்டு பேருமே கீழே ஓடிவர, மோட்டார் நின்றது. அந்த மாமியார் குரலில் ஒரு நடுக்கம் இருக்கிறதே, ரத்தக் கொதிப்பு இருக்குமோ, மாத்திரை போடுகிறாளோ இல்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தவர் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பது. ஒரு பத்து நிமிஷத்தை எழுதாமல் விட்டிருந்தார். வயிற்றைத் தேடிப் பார்த்தார், பிசைந்த கை இல்லை. இருந்தது, ஆனால் சும்மா வைத்திருக்கிற கையாக இருந்தது. ஐம்பத்தைந்து இருக்கும். யாரும் போன் பண்ணவில்லை, எந்தத் தகவலும் வரவில்லை, மரகதம் எங்கே இருக்கிறாள் என்பது நாலரைக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் இப்போதும் தெரியும். பின்னே எப்படி இறங்கியது? மத்தியான ரசத்தில் எதையாவது கலந்துவிட்டாளா? மனுஷனைச் சாந்தப்படுத்துகிற மாத்திரைகள் இருக்கிறதாமே, மேடமும் அவளுமாகச் சேர்ந்து... அந்த நினைப்பை அவர் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தார். ரசத்தில் மாத்திரை. எழுதினார். எழுதி, அதற்கு எதிரே எழுத வேண்டியதையும் எழுதினார்: அதே ரசத்தை அவளும் சாப்பிட்டாள். எழுதுகிறபோது அவர் வாயோரம் லேசாகக் கோணியது, சிரிப்பு என்று சொல்ல முடியாது.

ஆறு மணி அடித்தது. ஆறுக்கு வந்துவிடுவேன் என்றாள். ஆறு ஒன்று. ஆறு ஐந்து. பேச்சு ஆறு மணி வரைக்கும்தானே, இப்போது கூப்பிடலாமே? ஆறு மணிக்கு மேல் கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, இதில் தப்பென்ன, பெண்சாதி சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் எந்தப் புருஷனும் கூப்பிடுவான், சந்தேகமே இல்லாத புருஷன்கூடக் கூப்பிடுவான். கூப்பிடாமல் இருந்தால்தான் அக்கறை இல்லை என்று அர்த்தம். விபத்தாக இருந்தால்? மனசு இவ்வளவு நியாயமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. வக்கீல் மாதிரி பேசியது. அதனாலேயே அதன்மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. முதல் தடவையாக, மரகதத்தின் மேல் இல்லை, தன் மண்டைக்குள் இருந்து பேசுகிறவன்மேல். நீ யாருக்காகப் பேசுகிறாய்? அவள் அடிபட்டுக் கிடக்கிறாள் என்கிற கவலையில் பேசுகிறாயா, ஏழு நிமிஷ நிம்மதிக்காகப் பேசுகிறாயா? ஆறு பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய எண் ஒன்றை அழுத்தவும் என்றது ஒரு பதிவுக் குரல். அது முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் பெயர் திரையில் வந்து நின்றது, அவர்தான் எடுத்திருக்க வேண்டும், மரகதம், பக்கத்தில் பச்சை வட்டம். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. தொடவில்லை. வியர்வையில் திரை மங்கியது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றதோ, திரை தானாக இருண்டது, போனை முகம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்தார். ஆறு இருபது. நூறு என்று எழுதினார். எழுதின கையோடு பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறட்டும், இதற்கு மேல் எங்கே போவாய் என்று உட்கார்ந்திருந்தார்.

ஆறு முப்பத்தைந்துக்குக் கீழே கேட் திறந்தது. செருப்புச் சத்தம். மரகதத்தின் செருப்புதான், இடது கால் கொஞ்சம் இழுக்கும். நாலு எட்டு வந்தது, நின்றது. படியேறவில்லை. ஏன் நிற்கிறாள்? யாருக்கோ கடைசியாக ஒரு செய்தி அனுப்புகிறாளா? முகத்தைத் துடைத்துக்கொள்கிறாளா? எழுந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பால்கனிக்கு ஆறே அடி. அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். காலடி மறுபடியும் தொடங்கி, படியேறி வந்தது. கதவு திறந்தது. மாம்பழக் கலர் புடவையின் தோளோரம் வியர்வையில் நனைந்திருக்க, செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்று அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள், வேட்டியின் ஓரத்தைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள்.

‘சட்டை எங்க?’

‘எந்தச் சட்டை?’

‘காலையில போட்டிருந்தீங்களே.’

அவர் ஆணியைக் காட்டினார். அவள் செருப்புக் காலோடு உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய சட்டையின் முதுகுப் பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள், பிறகு கழுத்துப் பட்டையை விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். அந்தத் தடவலை அவருக்குத் தெரியும். அவள் கைப்பையை, அவள் தலையணையை, அவள் போனின் முதுகுச் சூட்டை எத்தனை நாள் அப்படித் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது அவருடைய கை.

‘கீழ வண்டியையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன்’ என்றாள், சட்டையைப் பார்த்தபடியே. ‘இன்ஜின் சில்லுனு இருக்கு.’

சட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

‘போன் அடிக்கவே இல்லைங்க. அஞ்சு மணி வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் பயம் வந்துருச்சு. இவ்வளவு நேரம் கூப்பிடாம இருக்கார்னா பக்கத்துலயேதான் நிக்கறாருன்னு. ஹெல்மெட் போட்டவங்களையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தர் பின்னாலயே வந்தாரு, உங்க உசரம். ரெண்டு தெரு சுத்தி, ஒரு மருந்துக் கடைக்குள்ள போயி நின்னு, அவரு போனப்புறம் வந்தேன். அதான் லேட்டு.’

‘நான் வரல, மரகதம்.’

‘தெரியுது. வண்டி சூடா இல்ல, சட்டை காய்ஞ்சு கிடக்கு.’ பிறகு, தன்னை மீறி வருகிற மாதிரி, ‘ஆட்டோல வந்திருக்கலாம்ல?’ என்றாள்.

மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. பத்துப் பத்து நிமிஷமாக எண்கள், பீரோவைத் திறந்தது முதற்கொண்டு. அதை எடுத்து நீட்டினால் போதும், ஒரு மனுஷன் ஆட்டோவில் போய்க்கொண்டே இவ்வளவு எழுத முடியாது. கை போனது. நோட்டைத் தொட்டதும் நின்றது. வீட்டுக்கு வந்தபிறகு உட்கார்ந்து எழுதியிருக்கலாம்ல என்று அவளுக்குத் தோன்றும். இப்போது தோன்றாவிட்டால் ராத்திரிச் சோறு போடுகிறபோது தோன்றும். அத்தாட்சி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளைவிட அவருக்குத் தெரியும்.

‘வந்திருக்கலாம்’ என்றார். ‘வரல. ஆனா உனக்கு அப்படித் தோணாம எப்படி இருக்கும்? நான்தானே அப்படி ஆக்கி வெச்சேன்.’

அவள் திரும்பி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். எதையோ தேடினாள், கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கிடைத்ததா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

‘எங்க போனேன்னு கேட்க மாட்டீங்களா?’

‘மாட்டேன்.’

‘தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?’

‘இருக்கு. ரொம்ப இருக்கு.’

அவள் சொல்லவில்லை. சொல்வாளோ என்று அவர் ஒரு நிமிஷம் காத்திருந்தார், இரண்டு நிமிஷம் காத்திருந்தார். அவள் குதிகாலைத் தடவிக்கொண்டே, ‘வியாழக்கிழமை மேடத்துக்கிட்ட நானும் வர்றேன்’ என்றாள். ‘உங்களைப் பத்திப் பேச இல்ல. எனக்கு.’

‘வா.’

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று தேடி, ‘காபி போடட்டுமா?’ என்றார். ‘ம்’ என்றாள். சமையலறையில் பாத்திரத்தை அலம்பி, பாலை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தார். கூடத்தில் சத்தமே இல்லை. நாற்காலியிலேயே இருக்கிறாளோ, எழுந்து போய் வாசலில் கிடக்கிற அவர் செருப்பின் அடியில் புழுதி இருக்கிறதா என்று பார்க்கிறாளோ, போனை எடுத்தாளோ. முதுகில் அவள் பார்வை இருப்பதுபோல இருந்தது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பால் விளிம்பில் சிறு குமிழிகள் கட்டத் தொடங்கின. பொங்கி வருகிறவரைக்கும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், திரும்பவில்லை.